விளையாட்டுக்கும் வெள்ளோட்டம் உண்டு



நம் வீட்டுப் பிள்ளைகள் செல்போனிலும் கணிப்பொறியிலும் விளையாடும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளைப் பற்றிச் சங்கத்துப் பெற்றோர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். "பீட்டா வந்துவிட்டதாம், எனக்கு மட்டும் கிடைக்கவில்லை" என்று ஒரு பிள்ளை அழுகிறது. "அவன் போனில் அப்டேட் ஆகிவிட்டது, என் போனில் ஆகவில்லை, சேர்ந்து விளையாட முடியவில்லை" என்று இன்னொன்று கோபித்துக்கொண்டு சோறு உண்ண மறுக்கிறது. இவற்றின் பொருள் தெரியாமல் பெற்றோர்கள் திட்டுகிறார்கள், அல்லது கேட்ட பணத்தைக் கொடுத்து விடுகிறார்கள். இரண்டுமே சரியல்ல.

நான் டிப்ளமா படித்து, தென்னக ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது தண்டவாளமே இல்லாத இந்த அந்தமானில், ஷாதிபூரில், மகள் குடும்பத்தோடு வசிக்கிறேன். சுடும் விளையாட்டு எனக்குப் பழக்கமில்லை. ஆனால் ஓர் இயந்திர ஏற்பாட்டைப் பல ஊர்களில் ஒரே சமயத்தில் மாற்றுவது எப்படி, மாற்றும் முன் சோதிப்பது எப்படி என்பது என் தொழில். ஆகவே இதை ஒரு பாடமாகவே எழுதுகிறேன். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கவும்.

வெள்ளோட்டம் என்பது என்ன?

கோயிலுக்குப் புதுத் தேர் செய்தால் திருவிழாவன்றே சாமியை ஏற்றி இழுத்துவிட மாட்டார்கள். முதலில் வெறுந்தேரை நான்கு வீதிகளிலும் இழுத்துப் பார்ப்பார்கள். அச்சு உரசுகிறதா, திருப்பத்தில் சாய்கிறதா என்று ஸ்தபதி கூடவே நடந்து கவனிப்பார். அதற்கு வெள்ளோட்டம் என்று பெயர். கணிப்பொறி உலகில் 'பீட்டா' என்று சொல்வதும் இதைத்தான். நிறுவனத்துக்கு உள்ளேயே செய்யும் முதல் சோதனை ஆல்பா. வெளியாட்களிடம் கொடுத்துச் செய்யும் இரண்டாவது சோதனை பீட்டா. கிரேக்க நெடுங்கணக்கின் முதல் இரண்டு எழுத்துக்கள் இவை.

வெளியாட்கள் எதற்கு? கட்டியவனே சோதித்தால் தன் குறை தன் கண்ணுக்குத் தெரியாது. ரயில்வேயிலும் இந்த விதி உண்டு. புதிய பாதையைத் திறக்கும் முன் ஆய்வு செய்யும் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் வேலை செய்பவர் அல்ல. விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருப்பவர். நம்மில் பலருக்குச் சொந்த ஊரான இராமநாதபுரம் மாவட்டத்தில் புதிய பாம்பன் பாலம் கட்டி முடிந்ததும், 2024 நவம்பரில் அவர் வந்து ரயிலை ஓட்டிப் பார்த்து ஆய்வு செய்தார். குறைகளைச் சுட்டிக் காட்டினார். நிபந்தனைகளோடுதான் அனுமதி கொடுத்தார். 2025 ஏப்ரல் 6-ஆம் தேதிதான் பாலம் திறக்கப்பட்டது.

விளையாட்டுக்கு வருவோம். பப்ஜி என்று பிள்ளைகள் சொல்லும் விளையாட்டு, 2017 மார்ச் 23-ஆம் தேதி கணிப்பொறிக்கு 'முன்கூட்டிய அனுமதி' என்ற பெயரில் வெளியானது. அதாவது முழுமை பெறாத விளையாட்டை விலை கொடுத்து வாங்கி, விளையாடி, குறைகளைச் சொல்லுங்கள் என்ற ஏற்பாடு. அந்த ஆண்டு டிசம்பர் 20-ஆம் தேதிதான் முழு வடிவம் வந்தது. அதற்கு இடைப்பட்ட ஒன்பது மாதமும் வெள்ளோட்டம்தான். செல்போன் வடிவம் 2018-இல் வந்தது.

நம் நாட்டில் 2020 செப்டம்பர் 2-ஆம் தேதி அரசு தடை செய்த 118 செயலிகளில் செல்போன் பப்ஜியும் ஒன்று. பிறகு கிராப்டன் என்ற தென்கொரிய நிறுவனம், இந்தியாவுக்கென்று 'பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா' என்ற வடிவத்தைக் கொண்டு வந்தது. 2021 ஜூன் 17-ஆம் தேதி ஆண்ட்ராய்டு போன்களுக்கு முன்கூட்டிய அனுமதி தொடங்கியது. இடங்கள் குறிப்பிட்ட எண்ணிக்கைதான். அவை உடனே நிரம்பிவிட, மீண்டும் தவணை தவணையாகத் திறந்தார்கள். ஜூலை 2-ஆம் தேதி எல்லோருக்கும் வந்தது. ஐபோன்காரர்கள் ஆகஸ்ட் 18 வரை காத்திருந்தார்கள். 2022 ஜூலையில் அரசு உத்தரவால் அதுவும் கடைகளிலிருந்து நீக்கப்பட்டது. 2023 மே மாதம் மூன்று மாதச் சோதனை என்ற நிபந்தனையோடு திரும்பி வந்தது. இங்கே அரசாங்கமே ஒரு வெள்ளோட்டம் நடத்தியது என்று சொல்லலாம்.

பிள்ளைகளே, இதிலிருந்து ஒன்றைத் தெரிந்து கொள்ளுங்கள். பீட்டாவில் இடம் கிடைக்காதது உங்களுக்கு நேர்ந்த அவமானம் அல்ல. ஐபோனுக்கான சோதனை ஏற்பாட்டில் ஒரு செயலிக்கு வெளியார் 10,000 பேர் வரைதான் சேர்க்க முடியும். வெறுந்தேரை இழுக்க ஊர் முழுவதும் வர வேண்டியதில்லை அல்லவா?

ஒட்டுப் போடுதல்

அடுத்த சொல் 'பேட்ச்'. சைக்கிள் டியூபில் பங்க்சர் ஒட்டுகிறோமே, அதே ஒட்டுதான். 1940-களில் ஹார்வர்டு மார்க்-1 போன்ற பழைய கணிப்பொறிகளுக்குத் துளையிட்ட காகித நாடாவில் கட்டளை கொடுப்பார்கள். தவறான இடத்தில் துளை விழுந்துவிட்டால் அதன்மேல் காகிதத் துண்டு ஒட்டி மூடுவார்கள். அந்தக் காகிதத் துண்டுதான் முதல் பேட்ச். இன்று பசையும் இல்லை, காகிதமும் இல்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

போட்டி விளையாட்டில் ஒட்டு எதற்கு? மூன்று காரணங்கள் உண்டு. ஒன்று, பிழையைத் திருத்த. இரண்டு, ஏமாற்றுக்காரர்களைத் தடுக்க. மூன்று, சமநிலைக்காக. ஒரு துப்பாக்கி மற்றவற்றைவிட அதிகச் சேதம் விளைவித்தால் எல்லோரும் அதையே எடுப்பார்கள். போட்டியில் சுவை போய்விடும். எனவே அதன் வேகத்தையோ சேதத்தையோ ஒரு எண் குறைப்பார்கள். கபடியில் கோட்டின் அளவை ஓர் அங்குலம் மாற்றுவது போல. சிறிய மாற்றம்தான், ஆனால் இரண்டு அணிக்கும் ஒரே நேரத்தில் தெரிய வேண்டும்.

ஒட்டையும் வெள்ளோட்டம் விட்டே போட வேண்டும். இதை உலகமே கற்றுக்கொண்ட நாள் 2024 ஜூலை 19. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் பிழையுள்ள ஒரு சிறு கோப்பை வாடிக்கையாளர் எல்லோருக்கும் ஒரே வீச்சில் அனுப்பிவிட்டது. 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் முடங்கின. நம் நாட்டு விமான நிலையங்கள் சிலவற்றில் பயணிகளுக்குப் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

இதனால்தான் ஒட்டைப் படிப்படியாக விடுகிறார்கள். ஆப்பிள் கடையில், தானாகப் புதுப்பிக்கும் ஐபோன்களுக்கு ஏழு நாளில் முறையே நூற்றுக்கு 1, 2, 5, 10, 20, 50, 100 என்ற கணக்கில் அனுப்பும் வசதி உண்டு. ஆண்ட்ராய்டு கடையிலும் இத்தனை சதவீதம் பேருக்கு என்று அளந்து விடலாம். முதல் பகுதியில் கோளாறு தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். "பக்கத்து வீட்டு அக்கா போனில் வந்துவிட்டது, எனக்கு வரவில்லை" என்று அழும் பிள்ளைக்கு இதுதான் பதில். உன் முறை பிற்பகலில் வரும், அல்லது நாளை வரும்.

பல தளங்கள், ஒரே விளையாட்டு

இனிதான் கடினமான பகுதி. சற்று நிதானமாகப் படியுங்கள்.

ஒரே விளையாட்டை ஒருவர் ஆண்ட்ராய்டு போனிலும், மற்றவர் ஐபோனிலும் விளையாடுகிறார். சிலர் கணிப்பொறியிலும், சிலர் தொலைக்காட்சியோடு இணைக்கும் கன்சோல் பெட்டியிலும் விளையாடுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் தனி இயக்க முறை, தனிக் கடை. ஒட்டு ஒன்றாக இருந்தாலும் ஒவ்வொரு கடைக்காரரும் தமக்கென்று சோதித்து அனுமதித்த பிறகே வெளியாகும். ஒருவர் இன்று அனுமதிப்பார், இன்னொருவர் நாளை அனுமதிப்பார். இதற்கிடையே இருவரும் சேர்ந்து விளையாட முயன்றால் என்ன ஆகும்?

ஒற்றைப் பாதையில் டோக்கன் முறை இருந்ததைப் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். ஸ்டேஷன் மாஸ்டர் வளையத்தை நீட்ட, ஓட்டுநர் ஓடும் ரயிலிலிருந்தே பிடித்துக்கொள்வார். அந்த வளையத்தின் பையில் உள்ள இரும்பு உருண்டைதான் டோக்கன். அடுத்தடுத்த இரண்டு ஸ்டேஷன்களிலும் உள்ள பெட்டிகள் மின்கம்பியால் இணைக்கப்பட்டவை. எதிர் ஸ்டேஷன் சம்மதம் கொடுக்காமல் இந்தப் பெட்டியிலிருந்து உருண்டை வெளியே வராது. ஒரு முனையில் மட்டும் பெட்டியின் அமைப்பை மாற்றிவிட்டு மறுமுனையைப் பழையபடி விட முடியுமா? முடியாது. இரண்டு முனையையும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் மாற்றிச் சோதித்த பிறகே ரயிலை விடுவோம். அதுவரை அந்த ஏற்பாட்டை உபயோகிக்கவே மாட்டோம்.

விளையாட்டிலும் இதுவே நடக்கிறது. உங்கள் போன் சர்வர் எனப்படும் நடுக் கணிப்பொறியோடு பேசத் தொடங்கும்போது முதலில் தன் பதிப்பு எண்ணைச் சொல்கிறது. பழைய எண் என்றால், புதிய எண் உடைய நண்பரின் குழுவில் சேர அது விடாது. காரணம் நியாயமானது. ஒரு போனில் துப்பாக்கியின் சேதம் 41, மற்றொன்றில் 39 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் திரையில் எதிரி செத்துவிட்டான், மற்றவர் திரையில் உயிரோடு நிற்கிறான். யார் சொல்வது சரி? இந்தக் குழப்பம் வராமல் இருக்கத்தான் பதிப்பு எண் என்ற டோக்கன்.

நிறுவனங்கள் இதை இரண்டு விதமாகச் சமாளிக்கின்றன.

முதல் வழி, கால அட்டவணை வழி. ரயில்வேயின் புதிய கால அட்டவணை எல்லா மண்டலங்களிலும் ஒரு குறித்த தேதியிலிருந்து அமலுக்கு வருவது போல, எல்லாத் தளங்களுக்குமான ஒட்டையும் முன்கூட்டியே கடைகளுக்கு அனுப்பி அனுமதி வாங்கி வைத்துக்கொண்டு, குறித்த நாளில் ஒன்றாகத் திறப்பார்கள். எண்களை மட்டும் மாற்றுவதாக இருந்தால் சர்வரிலேயே மாற்றிவிடலாம், கடைக்குப் போக வேண்டியதில்லை.

இரண்டாவது வழி, தனித்தனிப் பாதை வழி. பப்ஜியில் கணிப்பொறிக்காரர்கள் தனி, கன்சோல்காரர்கள் தனி. புதிய ஒட்டு முதலில் கணிப்பொறிக்கு வரும். சுமார் ஒரு வாரம் கழித்துக் கன்சோலுக்கு வரும். இரண்டு வகைக் கன்சோல்காரர்கள் தங்களுக்குள் சேர்ந்து ஆடும் வசதி 2019-இல் வந்தது. ஆகவே அந்த இரண்டுக்கும் ஒட்டு ஒன்றாகவே போடப்படுகிறது. வேலரண்ட் என்ற விளையாட்டு 2020 ஜூன் 2-இல் கணிப்பொறிக்கும், 2024-இல் கன்சோலுக்கும் வந்தது. அதிலும் இரு தரப்பும் மோத முடியாது. மவுஸ் பிடித்துக் குறி வைப்பவருக்கும் கட்டை விரலால் குறி வைப்பவருக்கும் போட்டி வைப்பது நியாயமல்ல என்பதே காரணம்.

நம் தீவும் தூரமும்

ஒட்டு சரியாக இருந்தாலும் நம் ஊரில் இன்னொரு தடை இருந்தது. அது தூரம்.

2020 ஆகஸ்ட் 10-ஆம் தேதி வரை அந்தமானின் இணையம் பெரும்பாலும் செயற்கைக்கோளை நம்பியே இருந்தது. நிலைத்த செயற்கைக்கோள் பூமத்திய ரேகைக்கு மேல் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. நீங்கள் சுட்டதாகச் செய்தி அனுப்பினால் அது மேலே போய், கீழே இறங்கி, பதில் மறுபடி மேலே போய், கீழே வர வேண்டும். நான்கு நடை. கணக்குப் போடுவோம்.

35,786 × 4 = 1,43,144 கிலோமீட்டர்.
ஒளியின் வேகம் விநாடிக்குச் சுமார் 3,00,000 கிலோமீட்டர்.
ஆகவே குறைந்தது 0.477 விநாடி, அதாவது 477 மில்லி விநாடி.

இனி சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) மற்றத் தீவுகளுக்கும் வந்த கடலடிக் கேபிளைப் பாருங்கள். மொத்தம் சுமார் 2,300 கிலோமீட்டர். இந்த மொத்த நீளத்தையே தூரமாக வைத்துக்கொண்டாலும், கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் போகும். போய்வர 4,600 கிலோமீட்டருக்கு 23 மில்லி விநாடி. வேலரண்ட் சர்வர் விநாடிக்கு 128 தடவை ஆட்ட நிலையைக் கணக்கிடுகிறது, அதாவது 7.8 மில்லி விநாடிக்கு ஒரு தடவை. செயற்கைக்கோள் காலத்தில் நம் பிள்ளையின் அசைவு போய்ப் பதில் வருவதற்குள் சர்வர் 61 தடவை கணக்கிட்டு முடித்திருக்கும். கேபிளில் மூன்று தடவைதான். அதன்பின் சென்னையிலிருந்து மும்பை சர்வர் வரையான தூரமும், வழியிலுள்ள கருவிகளின் தாமதமும் சேரும். ஆயினும் தோற்றதற்கெல்லாம் "தீவு நெட்" மேல் பழி போடும் காலம் பெரும்பாலும் முடிந்தது!

போலி வெள்ளோட்டம்

இவ்வளவையும் எழுதக் காரணம் ஒன்று உண்டு. எங்கள் தெருவில் ஒரு குடும்பம். கணவர் கப்பலில் வேலை, மாதக்கணக்கில் வெளியே. மனைவி எட்டாம் வகுப்புப் பையனோடு இருக்கிறார். ஒரு நாள் மாலை போனை எடுத்துக்கொண்டு வந்தார்.

"அண்ணே, பையன் ஏதோ புது கேமுக்கு முன்னாடியே அனுமதி தர்றாங்கன்னு சொல்றான். 499 ரூபாய்தானாம். கட்டிரலாமா?"

பையனும் கூட வந்திருந்தான். "தாத்தா, இன்னிக்கு ராத்திரியோட முடிஞ்சுடும். என் கிளாஸ்ல எல்லாரும் வாங்கிட்டாங்க" என்றான்.

செய்தி ஓர் அந்நிய எண்ணிலிருந்து வந்திருந்தது. கடைக்கு வெளியே இருந்து நேரடியாக இறக்கும் ஏ.பி.கே. கோப்பு ஒன்றும் கூடவே இருந்தது. பையன் அதை ஏற்கெனவே அம்மா போனில் ஏற்றிவிட்டான். அது கேட்டிருந்த அனுமதிகளைத் திறந்து காட்டினேன். குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி, திரையில் நடப்பதைப் பார்க்க அனுமதி.

"ஏன்டா தம்பி, துப்பாக்கி சுடுற விளையாட்டுக்கு அம்மாவுக்கு வர்ற மெசேஜ் எதுக்கு?" என்று கேட்டேன். பையன் யோசித்தான். சிறிது நேரத்தில் அவனே, "பேங்க் ஓ.டி.பி. அதுல தானே தாத்தா வரும்" என்றான்.

அந்தப் போனோடு இணைந்த கணக்கில்தான் கோடை விடுமுறைக்குச் சென்னைக் கப்பல் டிக்கெட்டுக்கும், ஊரில் மாமியாரின் கண் ஆப்பரேஷனுக்கும் சேர்த்த பணம் இருந்தது. போனை விமான நிலைக்கு மாற்றி இணைப்பைத் துண்டித்து, அனுமதிகளைப் பறித்து, செயலியை நீக்கினோம். வேறொரு போனிலிருந்து வங்கியைக் கூப்பிட்டுக் கணக்கைத் தற்காலிகமாக நிறுத்தச் சொன்னோம். பணம் தப்பியது. பையனை அம்மா அடிக்க ஓங்கினார், நான் தடுத்தேன். அம்மா போனில் கேள்விக்கு விடை கண்டுபிடித்தவன் அவன்தானே!

இது உலகெங்கும் நடப்பது. 2018-இல் பார்ட்நைட் என்ற விளையாட்டின் ஆண்ட்ராய்டு பீட்டா கூகுள் கடையில் இல்லாமல் தனியாக வெளியானபோது அதே பெயரில் போலிச் செயலிகள் பல கிளம்பின. 2020 ஏப்ரலில் வேலரண்ட் பீட்டாவுக்கு இடம் கிடைக்காதவர்களிடம், இடம் கிடைத்த கணக்குகளை விலை பேசி விற்றவர்களும் உண்டு. ஆசையும் அவசரமும் சேரும் இடத்தில் திருடன் கடை விரிப்பான்.

பெற்றோர்கள் கவனிக்க வேண்டியவை

1. செயலியும் ஒட்டும் போனில் உள்ள அதிகாரபூர்வக் கடையிலிருந்தோ நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்தோ மட்டுமே வரட்டும். தெரியாதவர் அனுப்பும் ஏ.பி.கே. கோப்பு வேண்டாம்.

2. செல்போன் விளையாட்டின் பீட்டாவுக்கு அந்நியருக்குப் பணம் கட்டுவது என்ற பேச்சே வேண்டாம். கணிப்பொறியில் விலைக்கு வரும் முன்கூட்டிய வடிவமானாலும் கடையில்தான் வாங்க வேண்டும்.

3. வங்கிக் கணக்கு இணைந்த போனில் சோதனைப் பதிப்பு எதையும் ஏற்ற வேண்டாம்.

4. பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியாவில் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பெற்றோர் சம்மதமும் நாளுக்கு மூன்று மணி நேர வரம்பும் வைத்தே திரும்பக் கொண்டு வந்தார்கள். பிள்ளை உங்கள் வயதைக் கொடுத்து அந்த வரம்பைத் தாண்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

5. பந்தயப் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் இயற்றிய மத்தியச் சட்டம் தடை செய்கிறது. அதே சட்டம் திறமைப் போட்டியான மின்விளையாட்டை அங்கீகரிக்கிறது. இரண்டையும் ஒன்றாக எண்ணிப் பிள்ளையைக் கடிந்து கொள்ள வேண்டாம்.

6. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கைமாறும்.

பிள்ளைகளுக்குப் பயிற்சி

அ. ஓர் ஒட்டின் அளவு 800 மெகாபைட். இணைப்பின் வேகம் விநாடிக்கு 10 மெகாபிட். இறக்க எவ்வளவு நேரம் ஆகும்? (ஒரு பைட் என்பது எட்டு பிட்.)

ஆ. அதே ஒட்டை விநாடிக்கு 512 கிலோபிட் வேகத்தில் இறக்க எவ்வளவு நேரம்?

இ. உங்கள் போனில் உள்ள விளையாட்டு ஒன்றின் பதிப்பு எண்ணையும், அது கேட்டிருக்கும் அனுமதிகளையும் எழுதுங்கள். ஒவ்வோர் அனுமதியும் எதற்குத் தேவை என்று அம்மா அல்லது அப்பாவுக்கு விளக்கிச் சொல்லுங்கள். விளக்க முடியாத அனுமதியை நீக்குங்கள்.

முதல் கணக்கின் விடை 10 நிமிடம் 40 விநாடி. இரண்டாவதற்கு மூன்றரை மணிக்குச் சற்றுக் குறைவாக வரும். வழிமுறையோடு எழுதிச் சங்கத்துக்கு அனுப்புங்கள். மூன்றாவது கேள்விக்கு விடையை உங்கள் வீட்டில்தான் சொல்ல வேண்டும்.